வாவிக்கரைக் கமமும் விருந்தினர் அறையும்

நெல்லாயினும் காய்கறியாயினும் விளைபொருள் சந்தைக்குச் சென்ற பின்னரே கமக்காரரின் கைக்குப் பணம் வருகின்றது. அன்றைய விலை வீழ்ச்சியுற்றால் ஒரு போகத்தின் பாடு வீணாகின்றது. உண்பவரையே கமத்துக்கு வரவழைத்துத் தங்கவைத்து, அங்கு விளைந்ததை அவருக்கு உணவாக அளிக்கும் முறையொன்று இத்தாலி நாட்டில் உண்டு. 'அக்ரித்துரிஸ்மோ' என்பது அதன் பெயர்.

அந்நாட்டின் நடுப்பகுதியிலே, உம்பிரியாப் பிரதேசத்தில், திரசிமேனோ என்னும் வாவி உளது. பரப்பிற் பெரிதாயினும் அது ஆழமற்றது; ஏழு மீற்றருக்கு மேல் ஆழம் இல்லை. பேராறு எதுவும் அதில் விழுவதில்லை. மழையையும் சிற்றோடைகளையும் நம்பியே அது நிரம்புகின்றது. ஆதலால் வரட்சியான ஆண்டுகளில் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். குளத்தை நம்பிச் செய்கைபண்ணுவோர்க்கு இந்நிலை புதிதன்று. வாவியைச் சூழ்ந்த சரிவுகளில் ஒலிவமும் முந்திரிகையும் பயிராகின்றன.

இப்பகுதிக் கமவீடுகள் சிலவற்றில் விருந்தினர் தங்குகின்றனர். இரவுத் தங்கலுக்கும் காலையுணவுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் அறவிடப்படும். காலையில் பாண், தேன், பழப்பாகு, கோப்பி என்பன மேசைக்கு வரும். உண்டபின் விருந்தினர் வயலோரம் நடந்து, வேலை நடைபெறுவதைப் பார்க்கலாம்.

அவ்வயல்களில் விளையும் சிறு பயறொன்று 'பஜியோலீனா' எனப்படும். அது நாம் கௌப்பி என வழங்கும் பயிரின் இனமே. காய்கள் ஒருங்கே முற்றுவதில்லை. ஆகவே பல முறை கையால் ஆய்ந்து, வெயிலில் உலர்த்தி, அடித்துத் தூற்றவேண்டும். இவ்வேலைப் பளுவினால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பயிர் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. சில கமக்காரர் விதையைக் கைவிடாது காத்தமையால் அது மீண்டும் பரவியது; இன்று உயர்ந்த விலை பெறுகின்றது. காய் ஆய்வதைக் கண்ணாரக் கண்டவர் அவ்விலையின் காரணத்தை எளிதில் உணர்வர்.

எனினும், விருந்தினரால் வரும் பணம் கமத்தையே விழுங்கிவிடக்கூடும். இதற்கு அந்நாட்டார் சட்டத்தால் வரம்பிட்டுள்ளனர். 1985ஆம் ஆண்டில் முதலில் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக 2006ஆம் ஆண்டில் 96ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி விருந்தோம்பலிலும் பார்க்கக் கமத்தொழிலே மேலோங்கி நிற்றல் வேண்டும். விருந்தினர் பத்துப் பேருக்கு மேற்படாதவிடத்து அவ்வாறே நிற்பதாகக் கொள்ளப்படும். கமத்தில் ஏற்கெனவே உள்ள கட்டிடங்களைப் பயன்படுத்தலாம். உணவிற் பெரும் பங்கு சொந்த விளைவாகவும் அயற்கமங்களின் விளைவாகவும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் குளத்தை அண்டிய கமங்களில் விருந்தினரை ஏற்க எண்ணுவோர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று:

1. இருக்கும் வீட்டில் ஓர் அறையுடன் தொடங்குக. குளத்து ஒதுக்கு நிலத்தில் எதனையும் கட்டலாகாது.

2. சுத்தமான மலசலகூடமும் கொதித்தாறிய நீரும் முதலில் அமைக.

3. பூச்சிநாசினிகளையும் தெளிகருவிகளையும் பூட்டிவைக்குக. மருந்து தெளித்த பாத்தியருகே விருந்தினரை அழைத்துச் செல்லற்க.

4. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவு செய்யும் முறையை முன்னரே விசாரித்தறிக.

5. விதைப்பு, அறுவடைக் காலங்களில் வேலைக்கு ஆள் குறையுமாயின் அறையை மூடிவைக்குக.

வயல் தரிசானால் விருந்தினர் காண வருவதற்கு அங்கு ஒன்றும் இராது. அறை வருமானம் கமத்துக்கு ஊன்றுகோலாக இருக்கட்டும். கமத்தின் இடத்தை அது பிடித்தல் ஆகாது.