பந்தியில் நிற்கும் வீட்டுக்காரர்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீயோடு உட்காருவோம். சற்றுத் தள்ளி, எழுத்தாளர் ஆ. மாதவன் தம் கதைகளில் எழுதிய சாலைக் கடைத்தெரு. அங்கே ஒரு அண்டா வாங்கப் போனால் என்ன செய்வோம்? தட்டிப் பார்ப்போம், எடை போடச் சொல்வோம், நாலு கடையில் விலை கேட்போம், குறைத்துச் சொன்னவரிடம் வாங்குவோம். காசைக் கொடுத்ததும் கடைக்காரருக்கும் நமக்கும் கணக்கு தீர்ந்தது.

அரசாங்கம் பொருள் வாங்குவதும் அடிப்படையில் இப்படித்தான். வேண்டியதை ஒன்றுவிடாமல் எழுதி டெண்டர் விடுவார்கள். தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை கிடைக்கும். அலுவலக வழக்கில் அவர் ‘எல் ஒன்’. இந்த முறையைக் குறை சொல்ல வேண்டாம். செலவாவது பொதுப்பணம், தணிக்கையில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மேசைக்கும் நாற்காலிக்கும் இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது.

மென்பொருள் அண்டா இல்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு மென்பொருள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ‘குழந்தையின் பெயர், குடும்பப் பெயர்’ என இரண்டு கட்டங்கள் போதும் என்று டெண்டரில் எழுதியாயிற்று. இரண்டு வருடம் கழித்து மென்பொருள் வருகிறது. முதல் நாளே சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்து நிற்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவோம். பக்கத்தில் நிற்கும் மலையாளக் குடும்பமோ இனிஷியலைப் பின்னால் போடுகிறது. கேட்டவரும் கவனமாகத்தான் கேட்டார், செய்தவரும் கேட்டபடிதான் செய்தார். ஆனால் ஒரு ஆள் வந்து பெயர் சொல்லும்வரை இது யாருக்கும் தோன்றவில்லை. இனி மாற்ற வேண்டுமானால் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும். அதற்கு ஒரு கோப்பு, கூடுதல் பணம்.

முழுவதையும் எழுதி, முழுவதையும் செய்து, கடைசியில் சோதிப்பதை அருவி முறை என்பார்கள். மேலிருந்து கீழே மட்டும் பாயும், திரும்பி ஏறாது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் இந்தப் படிகளை வரைந்து காட்டினார். சோதனை கடைசியில் வருவதால் இது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார். படம் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985இல் வெளியிட்ட மென்பொருள் விதியும் ஏறக்குறைய இந்த வரிசையைத்தான் ஒட்டியது. பிற்காலத்தில் அந்நாட்டு விமானப்படை தன் உதிரிபாக, சரக்குக் கணக்குகளை ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர முயன்றது. 100 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு 2012இல் அதைக் கைவிட்டது.

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து மலைப்பகுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி, வேறொரு வழிக்கு ‘அஜைல்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்குச் சுறுசுறுப்பு என்று பொருள். எல்லோருக்கும் வரும் தவறான எண்ணம் இந்தப் பெயரிலிருந்தே பிறக்கிறது: வேகமாக முடிப்பது, திட்டமில்லாமல் தொடங்குவது, அரைகுறையாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுப்போடுவது. சான்றிதழுக்கே இது சரிவராதே, ராணுவத்துக்கு எப்படிச் சரிவரும் என்று கேட்கத் தோன்றும்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பார்ப்போம். ஆயிரம் பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பதில்லை. முதல் பந்தியில் நூறு பேர். அவர்களுக்கு வேகாத சோறு போடுவதுண்டா? சாதம், சாம்பார், பாயசம் வரை முழுச் சாப்பாடு. ஆட்கள்தான் குறைவு. சாம்பாரில் உப்பு தூக்கல் என்று ஒருவர் சொன்னால் அடுத்த பந்திக்குள் சரியாகிவிடும். அஜைல் முறையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பந்தி. ஒவ்வொன்றிலும் சின்னதாக, ஆனால் முழுதாக வேலை செய்யும் ஒரு பகுதியைக் கண்முன் வைக்க வேண்டும். ‘எண்பது சதவீதம் முடிந்தது’ என்ற அறிக்கை இங்கே செல்லாது. கட்டுப்பாடு தளர்வதில்லை, இறுகுகிறது.

ராணுவத்திலும் இதே கதைதான். ஏவுகணையின் உடலை வாராவாரம் மாற்ற முடியாது. ஆனால் வீரர் பார்க்கும் வரைபடத் திரையை, கிடங்கின் கணக்கை மாற்றலாம். பாதுகாப்புச் சோதனையும் கடைசி நாளுக்குக் காத்திராமல் பந்திக்குப் பந்தி நடக்கும்.

நம் ஊருக்கு வருவோம். கேரள உள்ளாட்சிகளைக் கணினிமயமாக்க 1999இல் தொடங்கப்பட்ட இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் உருவாக்கியதுதான் கே-ஸ்மார்ட். பிறப்பு, திருமணப் பதிவு, சொத்துவரி, கட்டட அனுமதி எல்லாம் அதில் நடக்கின்றன. 2024 ஜனவரி 1இல் 6 மாநகராட்சிகளிலும் 87 நகராட்சிகளிலும் வந்தது. 2025 ஏப்ரலில்தான் 941 கிராம ஊராட்சிகளுக்குப் போனது. முதல் பந்தி நகரம், அடுத்தது கிராமம். இப்படிப் பிரிப்பது பாதி வேலை. நகரத்துக் கவுண்டரில் கேட்ட குறை, கிராமத்துக்குப் போவதற்குள் தீர்ந்திருந்தால்தான் அது இரண்டாம் பந்தி. இல்லையென்றால் ஒரே சமையலை இரண்டு தவணையாகப் பரிமாறியதாகவே ஆகும்.

சரி, டெண்டரில் என்ன எழுதுவது? அண்டாவின் அளவை எழுதும் இடத்தில், நல்ல சமையல்காரரை அமர்த்துவதுபோல எழுத வேண்டும். எட்ட வேண்டிய குறிக்கோள், குழுவின் திறமை, பந்திக்குப் பந்தி பணம், சரியில்லையென்றால் விலகும் வழி. நம் விதிகளும் மெல்ல இடம் கொடுக்கின்றன. ஆலோசனைப் பணிகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தர மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலேயே வழி உண்டு. 2021இல் நிதி அமைச்சகம் அதை, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம் என்ற வரம்போடு, மற்றப் பணிகளுக்கும் சேவைகளுக்கும் விரித்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் 2020 கொள்முதல் நடைமுறையில் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது.

ஆனால் விதி மட்டும் போதாது. பந்தி நடக்கும்போது வீட்டுக்காரர் இலைக்கு இலை வந்து விசாரிப்பார் அல்லவா? 2010 நிதியாண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டம் புதிய கொள்முதல் முறையில் முதலில் கேட்டதும் அதைத்தான்: பயன்படுத்துபவர் தொடக்கம் முதல் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டதோடு துறை எழுந்து போய்விட்டால் எந்த முறையும் அண்டா வாங்கியதாகத்தான் முடியும். கவுண்டரில் உட்காரும் எழுத்தரை, கிடங்கில் கணக்குப் பார்க்கும் ஹவில்தாரை, மென்பொருள் எழுதுபவர் பக்கத்தில் வாரம் ஒருநாளாவது உட்கார வைப்போம். அந்தத் தமிழ்க் குழந்தையின் இனிஷியல் எங்கே போக வேண்டும் என்பதை அந்த எழுத்தர் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுவார்.