தீர்த்தமலைத் திருவிழாவும் சித்தாந்தப் பொருளும்

சிவாலய வழிபாடு நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகைப்படும். நாள்தோறும் தவறாது நிகழ்வது நித்தியம். குறித்த திங்களினும் நாண்மீனினும் நிகழ்வது நைமித்திகம். பயன் கருதிச் செய்யப்படுவது காமியம். இவற்றுள் நைமித்திகத்திற் சிறந்தது மகோற்சவம் எனப்படும் பெருந்திருவிழா. அதன் பொருள் யாது என்பதனைத் தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலையில் மாசித் திங்களில் நிகழும் திருவிழாவினை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய சித்தேரி மலையினின்று இறங்கி, அரூர் வழியே வடகிழக்கு நோக்கிச் செல்வார்க்குத் தீர்த்தமலை எதிர்ப்படும். 1965 ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இம்மலைமேல் எழுந்தருளிய பெருமான் தீர்த்தகிரீசுவரர், அம்மை வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்ற தலம் இது. இராம தீர்த்தம், குமார தீர்த்தம், அகத்திய தீர்த்தம், கௌரி தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்பன இங்குள்ளன. இவற்றுள் இராம தீர்த்தம் பாறையினின்று மெல்லிய தாரையாக வீழ்வது.

இனித் திருவிழாவின் உறுப்புக்களை நோக்குவாம். ‘உற்சவம்’ என்னும் வடசொல்லை ஆகம நூலார் ‘உத்’ எனவும் ‘சவம்’ எனவும் பிரித்து, மேலான படைப்பு எனப் பொருள் உரைப்பர். விழாவின் தொடக்கம் கொடியேற்றம். கொடிமரம் பதியினையும், கொடிச்சீலை உயிரினையும், அதனை மேலே செலுத்துங் கயிறு திருவருட் சத்தியினையும், உடன் சுற்றப்படும் தருப்பைக் கயிறு பாசத்தினையும் குறிக்கும் என்பது ஆன்றோர் கொள்கை. தருப்பைக் கயிறு சூழ்ந்திருப்பவே சீலை மேலேறுகின்றது என்பதனை நோக்குக. பாசம் முற்றும் நீங்கிய பின்னரே அருள் வந்து பொருந்தும் என்னின், உயிர் ஒருநாளும் ஏறமாட்டாது. பாசத்தோடு கூடியிருக்கும் நிலையிலேயே அருள் உயிரைப் பற்றி உயர்த்துகின்றது. தில்லையில் ஏறாது நின்ற கொடியினை ஏற்றுதற்கு உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் கொடிக்கவி, மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்று. ஒளியும் இருளும் ஓரிடத்தே நிற்பினும் ஒன்று மேற்படுங்கால் மற்றொன்று அடங்கும் என்னும் உண்மையினை அந்நூல் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கின்றது. விழாவின் முதற் செயலிலேயே முப்பொருளுண்மை அடங்கிக் கிடத்தல் இதனாற் பெறப்படும்.

ஏனை உறுப்புக்களும் இறைவனது ஐந்தொழிலைக் குறிப்பனவே. கொடியேற்றம் படைத்தலையும், ஊர்திகளில் திருவீதி உலா வருதல் காத்தலையும், தேர்விழா அழித்தலையும், மௌனோற்சவம் மறைத்தலையும், தீர்த்தவாரி அருளலையும் உணர்த்தும் என்பர். தேர் முப்புரம் எரித்த வரலாற்றினை நினைப்பிப்பது. முப்புரமாவது மும்மலமே எனத் திருமூலர் பொருள் விரித்தார் ஆதலின், தேர்வடம் பற்றி ஈர்ப்பார் தம் மலவலி கெடுதலையே வேண்டி ஈர்ப்பவராவர்.

அற்றேல், எங்கும் நிறைந்த பொருளுக்குத் தேரும் ஊர்தியும் எற்றுக்கு? அறிவு முதிர்ந்தார்க்கு இவ்வாரவாரம் வேண்டுமோ? என வினவுவார் உளர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. தேர் இறைவனுக்கு வேண்டுவதன்று, உயிர்க்கே வேண்டுவது. தீர்த்தமலையிலே இஃது இனிது விளங்கும். பெருமான் திருமுன் மலைமேல் உளது. முதியோரும் பிணியுற்றாரும் குழவியேந்திய மகளிரும் எளிதிற் படியேற வல்லரல்லர். தேரோ மலைமேற் செல்லாது. அடிவாரத்து வீதியிலேயே ஓடும். ஏறமாட்டாதார் பொருட்டு இறைவன் இறங்கி வருதலே அவ்விழா. கருணையே திருமேனியாகக் கொள்வன் என்னும் சித்தாந்தத் துணிபு இவ்விடத்துக் கண்கூடாகின்றது.

இனி அறிவு முதிர்ந்தார்க்கு வேண்டுமோ என்னும் கூற்றிற்குச் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரமே விடையாகும். மலம் நீங்கப்பெற்ற மெய்ஞ்ஞானியும் அன்பரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நூலின் முதற்கண் அன்று, முடிவின்கண் இது வைக்கப்பட்டமை சிந்திக்கற்பாலது. அடியார் கூட்டமும் ஆலயமும் ஆகிய இரண்டும் ஒருங்கே எய்துதற்குரிய காலம் திருவிழாவன்றோ? ஆகலின் ஞானம் முதிர்ந்தார்க்கே விழா மிகவும் உரித்தென்க.

தீர்த்தத்தின் இயல்பும் ஈண்டு உணரற்பாலது. இலங்கைப் போரின் பின் இராமபிரான் இங்கே சிவபூசை செய்யக் கருதிக் கங்கைநீர் கொணரும்படி அனுமனை விடுத்தார் என்றும், அவர் வரக் காலந் தாழ்த்தமையின் அம்பினாற் பாறையைப் பிளந்து நீர் வருவித்துப் பூசையை நிறைவேற்றினார் என்றும், பின்னர் அனுமன் கொணர்ந்து எறிந்த நீர் தென்பெண்ணைக் கரையில் வீழ்ந்து அனுமந்தீர்த்தம் ஆயிற்று என்றும் தலவரலாறு கூறும். ஆடிப் பதினெட்டில் மக்கள் முன்னர் அனுமந்தீர்த்தத்தில் நீராடிப் பின்னர் மலையேறித் தொழுவர். காலந்தாழ்த்து வந்த நீர் விலக்கப்பட்டதின்று. முதற்கண் ஆடுதற்குரிய தீர்த்தமாகவே வைக்கப்பட்டது. பிற்பட்டு வரும் அன்பினையும் பெருமான் ஏற்றருளுவன் என்பது இவ்வழக்கத்தாற் பெறப்படும் பொருளாம்.

இதனோடு இயைத்து நோக்கற்பாலது பிறிதொன்று உண்டு. சித்தேரி முதலிய மலைகளில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. இவர்தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தவர் என்பதும், கரியராமன் என்னும் தெய்வத்தை இவர் வழிபடுவர் என்பதும் 1909 இல் வெளிவந்த தர்ஸ்டன் நூலிற் பதியப்பட்டுள்ளன. இராமன் பெயர் பூண்ட தெய்வத்தைத் தொழுவார் வாழும் மலையும், அவ்விராமபிரான் சிவபூசை செய்ததாகக் கூறப்படும் மலையும் இவ்வாறு அணித்தாக நிற்கின்றன. இதுகொண்டு உயர்வு தாழ்வு பேசுதல் நம் கடனன்று. எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டினை ஏற்றுப் பயனளிப்பவன் ஒருவனே எனச் சிவஞான சித்தியார் தெளிவுறுத்துகின்றது. ஆகமமறியாத வேடராகிய கண்ணப்பர் அறுபத்து மூவருள் ஒருவராயினமையும் நாம் அறிந்ததே. மலைவாழ்நர் ஆடலும் பாடலும் பொங்கலும் படையலுமாகச் செய்யும் வழிபாட்டினைக் கல்லாதார் செயல் என்று இகழ்வார், அதனை ஏற்கும் பொருளையே இகழ்ந்தாராவர்.

ஆயினும் நம்மிடத்தும் ஒரு கடப்பாடு உளது. விழாவின் பொருளை உணர்ந்தார் மனையகத்தே இருந்துவிடின், விழா வெறுஞ் சந்தையாய் முடியும். வந்தவர் வணிகமும் வேடிக்கையுங் கண்டு மீள்வர். கொடி ஏன் ஏறிற்று, தேர் ஏன் ஓடிற்று என்று அவர்க்குச் சொல்வார் இலராவர். ஆதலின் சாத்திரம் பயின்ற அன்பர்கள் விழாக்காலத்தே தலத்தை அடைந்து, கொடியின் பொருளையும் தீர்த்தத்தின் பொருளையும் வந்தார்க்கு எளிய சொல்லால் எடுத்துரைப்பாராக. ஏறமாட்டாதார் பொருட்டுப் பெருமான் மலையினின்று இறங்கி வருகின்றான். கற்றார் தம் நூலினின்று சிறிது இறங்கி வருதல் அரிதாமோ?

திருச்சிற்றம்பலம்.