வேலி தாண்டும் அலை

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கெல்லையிலே, களப்பும் கடலும் கலக்குமிடத்தில் அமைந்தது கொக்கிளாய். 1984 ஆம் ஆண்டில் இங்கிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள், 2009 இல் போர் ஓய்ந்த பின்னரே தத்தம் காணிகளுக்கு மீளத் தொடங்கின. இடைப்பட்ட கால் நூற்றாண்டிலே உறவினர் பலர் கடல் கடந்து விட்டனர். இன்று அவர்தம் முகத்தைக் காட்டுவதும், அவர்கள் அனுப்பிய பணத்தின் செய்தியைக் கொணர்வதும், பிள்ளைகளின் பாடங்களுக்குத் துணை நிற்பதும் இணையமே. கம்பி எட்டாத கரையோரக் கிராமங்களிலே 4ஜி அலையைப் பற்றி வீட்டினுள் 'வைபை'யாகப் பரப்பும் ரூட்டர் என்னும் சிறு பெட்டி, முன்னாளில் வானொலிப் பெட்டி பெற்றிருந்த இடத்தைப் பெற்று வருகின்றது.

அப்பெட்டிக்கும் பூட்டு வேண்டும் என்று நாம் கூறினால், "எங்கள் ஊரில் யார் ஐயா களவெடுக்கப் போகிறார்கள்?" என்று நகைப்போர் உளர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

வைபை அலை காணியின் எல்லையை அறியாது. சீமெந்துச் சுவர் அதன் வலுவைக் குறைக்கும். ஓலை வேலியோ அதனைச் சிறிதும் தடுக்காது. வீதியில் நிற்பவன் படலையைத் திறவாமலே நம் வீட்டு இணைப்பினுள் நுழைந்து விடலாம். வீட்டிலுள்ள கருவிகள் யாவும் வெளியுலகுக்கு ஒரே இணைப்பாகவே தோன்றும். ஆகவே அவன் செய்வது நாம் செய்ததாகவே பதிவாகும்.

இது வெறும் கற்பனையன்று. 2008 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் திகதி இந்தியாவின் அகமதாபாத் நகரிலே அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்புக்குச் சில நிமிடங்களின் முன்னே ஊடக நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றிருந்தது. அதன் தடத்தைப் பின்பற்றிய பொலிஸார் சென்றடைந்தது நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் இல்லத்தை. அவருடைய பூட்டப்படாத வைபையைப் பிறர் பயன்படுத்தினர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அதற்குள் அவர் பட்ட விசாரணைகள் பல. நம் நாட்டிலும் அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஆயினும் விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்புக்குரியவர் வாசலிலன்றோ! விசாரணை என்ற சொல்லின் பாரத்தை வன்னி மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பூட்டும் முறை

முதலாவது, ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குரிய கடவுச்சொல்லை மாற்றுக. தொழிற்சாலையில் இட்ட சொல் பல பெட்டிகளுக்குப் பொதுவாயிருத்தல் கூடும். 2016 இல் உலகெங்கும் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல், ஏறத்தாழ அறுபது தொழிற்சாலைப் பெயர்–கடவுச்சொல் இணைகளைக் கொண்டே இலட்சக்கணக்கான கருவிகளை அடிமைப்படுத்தியது. அமைப்புப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டாவது, மறையாக்க முறையைக் கவனிக்க. 1997 இல் வந்த 'வெப்' முறையின் குறைபாடு 2001 இலேயே வெளிப்பட்டு விட்டது. 2004 இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2' முறையையோ, கருவி இடந்தந்தால் 2018 இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' முறையையோ தெரிவு செய்க.

மூன்றாவது, வைபைக்குரிய கடவுச்சொல் நீண்டிருத்தல் வேண்டும். எட்டு இலக்கங்கள் மட்டும் கொண்ட சொல்லுக்குப் பத்துக் கோடி வகைகளே உண்டு. விரைவான கணினி ஒரு மணி நேரத்துள் அனைத்தையும் முயன்று பார்த்துவிடும். தொலைபேசி எண்ணும் பிள்ளையின் பிறந்த திகதியும் ஊரறிந்தவை. ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திற் சேர்த்தெழுதின், நினைவிலும் நிற்கும். பிறர்க்கும் எளிதில் அகப்படாது.

நான்காவது, 'டபிள்யூ.பி.எஸ்.' என்னும் எளிய இணைப்பு வசதியை நிறுத்தி விடுக. அதன் எட்டிலக்க எண்ணை இரு கூறாகச் சோதிக்கலாமாதலின் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 இல் வெளியாயிற்று.

ஐந்தாவது, நிறுவனம் தரும் மென்பொருட் திருத்தங்களை ஏற்றுக. 'டபிள்யூ.பி.ஏ. 2' முறையிலும் 2017 இல் ஒரு குறை காணப்பட்டது. திருத்தம் பெற்ற கருவிகளே காப்புப் பெற்றன.

கொடையும் காவலும்

பூட்டுவது கஞ்சத்தனம் ஆகாதா, அயல் வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டாமா என்று சிலர் வினவலாம். கிணற்று நீரை அயலாருக்கு வழங்குதல் அறமே. அதற்காகக் கிணற்றைக் கட்டின்றி, மூடியின்றி வழியோரத்தில் விட்டு வைப்பாருண்டோ? அயற்பிள்ளைக்கு இணைப்புத் தருவோர், ரூட்டரிலுள்ள விருந்தினர் இணைப்பைத் தனிக் கடவுச்சொல்லுடன் திறந்து கொடுக்கலாம். வங்கிக் கணக்கைப் பார்க்கும் கைத்தொலைபேசி வீட்டு இணைப்பில் இருக்கட்டும். பரீட்சை முடிந்ததும் அச்சொல்லை மாற்றலாம். யாருக்குக் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

இப்பணிக்கு அரை மணி நேரம் போதும். பெற்றோர் பலருக்கு அமைப்புப் பக்கம் புதிது, மாணவருக்கோ பழக்கமானது. ஆகவே மாணவர்களே, இன்று ஞாயிறு. பெற்றோரை அருகில் இருத்தி, ஒவ்வொன்றையும் அவர்க்கு விளக்கி, நீங்களே இதனைச் செய்து முடியுங்கள். புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வைக்கவும் மறவாதீர்கள்.