கெரட்டின் 20

கெரட்டின் 20 என்பது மனித உடலின் சில எபிதீலியச் செல்களில் மட்டும் காணப்படும் இழைப் புரதம் ஆகும். இதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது. கெரட்டின் என்றதும் முடியும் நகமும் நினைவுக்கு வரும். அவற்றை ஆக்கும் கெரட்டின்கள் வேறு. குடலின் உட்படலம், இரைப்பையின் உட்பரப்பு, சிறுநீர்ப்பையின் மேலடுக்கு, தோலின் மெர்க்கெல் செல்கள் ஆகியவற்றில் இது உள்ளது.

1982இல் ரோலண்ட் மோல் குழுவினர் மனிதக் கெரட்டின்களை வரிசைப்படுத்தியபோது பட்டியல் 19உடன் முடிந்தது. குடல் செல்களில் கண்ட மற்றொரு புரதமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என 1990இல் நிறுவப்பட்டது. பின்னர் 20 என்ற எண் அதற்கு நிலைத்தது.

நோயியலில் பயன்பாடு

புற்றுநோய்ச் செல்கள் வேறு உறுப்புக்குப் பரவிய பின்னும் பிறந்த இடத்தின் கெரட்டின்களைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. கல்லீரலிலோ சூலகத்திலோ கட்டி தென்பட்டு, அது எங்கே தொடங்கியது என்று தெரியாதபோது இப்பண்பு கைகொடுக்கிறது. மருந்தும் அறுவையும் தொடங்கிய இடத்தைப் பொறுத்தே அமைவதால் இது வெறும் பெயரிடும் வேலை அன்று.

பார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுவை மிக மெல்லியதாகச் சீவி, கெரட்டின் 20உடன் மட்டும் பிணையும் எதிர்ப்பொருளை அதன்மீது இடுவர். புரதம் உள்ள செல்கள் பழுப்பு நிறம் பெறும். உட்கருக்கள் நீலமாகத் தெரியும்.

இச்சாயம் தனியே பார்க்கப்படுவது அரிது. கெரட்டின் 7 இன்றி 20 மட்டும் தென்பட்டால் பெருங்குடலை ஐயுறுவர். 7 மட்டும் தென்பட்டால் நுரையீரல், மார்பகம் போன்றவை முன்னிற்கும். மெர்க்கெல் செல் புற்றுநோயில் கெரட்டின் 20 உட்கருவை ஒட்டிய புள்ளியாகத் திரண்டிருக்கும். நுரையீரலின் சிறுசெல் புற்றுநோயிலோ இது பெரும்பாலும் இராது.

குறைபாடுகள்

பெருங்குடற் புற்றுநோய்களிலும் சில கெரட்டின் 20ஐ இழந்துவிடுகின்றன. இரைப்பைப் புற்றுநோயில் 7, 20 ஆகிய இரண்டும் எல்லா விதமாகவும் சேர்ந்து வரும் என்பதால் சாயம் தெளிவான விடை தராது. தமிழ்நாட்டில் இது சிறிய குறை அன்று. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கம் முதல் பேணிவரும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களின் முதன்மையான புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. பெண்களுக்கு அது சூலகத்துக்குப் பரவி, சூலகத்திலேயே தோன்றிய கட்டிபோலத் தோற்றமளிப்பதும் உண்டு. அத்தகைய நோயாளிக்குச் சாய முடிவுடன் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார்.