இரத்தம் கூடினாலும் நோய்தான்

"உமக்கென்ன, நல்ல இரத்தம்" என்பார்கள் அயலவர்கள், என் சிவந்த முகத்தைப் பார்த்து. குளித்தால் உடம்பெல்லாம் கடிக்கும், விரல்கள் எரியும். பரிசோதித்தபோது பொலிசைதீமியா வேரா என்றார்கள். என்பு மச்சை செங்குழியங்களை அளவுக்கு மீறி உண்டாக்கும் நோய். 2005இல் கண்டறியப்பட்ட ஜாக்2 மரபணு மாற்றமே பெரும்பாலும் காரணம்.

இரத்தம் தடிப்பது மட்டுமல்ல ஆபத்து. தூண்டப்பட்ட வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் குருதிக்குழாயின் உட்சுவரில் ஒட்டுகின்றன. அங்கே அழற்சி ஏற்பட்டு இரத்தம் கட்டியாக உறைகிறது. ஆகவே எனக்கு இரத்தம் எடுத்து, செங்குழியப் பங்கை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். (எடுத்த இரத்தத்தை வீசுவது அம்மாவுக்கு இன்னும் பொறுக்கவில்லை.) குறைந்த அளவு அஸ்பிரினும் உண்டு, வைத்தியரைக் கேளாமல் அதை வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், வாய் கோணினால், நெஞ்சு வலித்தால் கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.