ரீல்ஸ்ல பார்த்த கிச்சன் ஊர் வீட்டுக்கு செட் ஆகுமா?

பழநிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஆயக்குடி என்றாலே பலருக்கும் கொய்யாதான் ஞாபகம் வரும். தோப்பு, சந்தை என்று காலையிலேயே பரபரப்பாகிவிடும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் புது வீடு எழும்பும்போது வழக்கமாக நடக்கும் காட்சி ஒன்று உண்டு. வீட்டுக்குப் பணம் போடும் மகனோ மகளோ கோவையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பார். கிச்சன், பாத்ரூம், ஹால் டிசைன் எல்லாம் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வரும். "அண்ணே, அப்படியே இதே மாதிரி பண்ணிடுங்க" என்று ஒரு ரீல்ஸ் லிங்க். ஆசாரி பார்ப்பார். "பண்ணிடலாம் தம்பி" என்பார். பண்ணியும் விடுவார்.

ஆனால், அந்த கிச்சனில் தினமும் நிற்கப்போவது அம்மா. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து பாத்ரூம் போகப்போவது அப்பா. லிங்க் அனுப்பியவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவார். வீட்டு லோன் போட்டுச் செய்யும் இன்டீரியர் வேலையில் பெரும்பாலான சிக்கல்கள் இந்த இடைவெளியில்தான் தொடங்குகின்றன.

மாடுலர் கிச்சன் எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். வெறும் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் சமையல் பெட்டி மாதிரி எல்லாம் கை எட்டும் தூரத்தில். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கு அதுதான் பாட்டி.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் சமைக்கும் பெண்கள் எத்தனை அடி நடக்கிறார்கள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவீடுகளை வைத்துத்தான் டிசைன் போட்டார். பெங்களூருவில் இருந்து லிங்க் அனுப்புபவரும் இதைச் செய்யலாம். ஒரு டேப் போதும்.

அம்மாவின் முழங்கையை அளந்தீங்களா?

கிச்சன் மேடையின் உயரம் நம் ஊரில் பெரும்பாலும் 32 முதல் 34 இஞ்ச். யார் சமைப்பது என்று கேட்காமலேயே மேஸ்திரி போட்டுவிடுவார். கணக்கு ரொம்ப சிம்பிள். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். தரையில் இருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 இஞ்ச் கழித்தால் காய் நறுக்க வசதியான உயரம். 5 அடி உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 31 முதல் 33 இஞ்ச் வரும்.

அடுப்பு வைக்கும் இடத்தில் கணக்கு மாறும். மேடை மேல் ஸ்டவ், ஸ்டவ் மேல் குக்கர். 34 இஞ்ச் மேடையில் இட்லிக் குண்டானை ஏற்றினால் மூடியைத் திறக்கும்போது ஆவி நேராக முகத்துக்கு வரும். அடுப்பு மேடையை மட்டும் 3, 4 இஞ்ச் தாழ்த்திக் கட்டச் சொன்னால் மேஸ்திரி ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, சொல்லுங்கள்.

ரீல்ஸ் கிச்சனில் யாருமே பார்த்திராத ஒரு பொருள் கிரைண்டர். பத்து கிலோவுக்கு மேல் எடை. அதை லாஃப்டில் வைத்துவிட்டு வாராவாரம் இறக்குவது 60 வயதில் நடக்கிற காரியமா? அதற்கென்று தாழ்வாக ஒரு கல் பலகை, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், கழுவிய தண்ணீர் ஓட ஒரு வழி. இந்த மூன்றையும் பிளானிலேயே போட்டுவிட வேண்டும். அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், தேங்காய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஊர் வீட்டில் பொருள் மூட்டையாகத்தான் வரும். அழகான கண்ணாடி ஜாடியில் வராது.

ஓப்பன் கிச்சன் ஆசை இருந்தால் இடத்தை முதலில் பாருங்கள். சமையலும் சாப்பாடும் ஒரே இடத்தில் என்றால் குறைந்தது 7.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 80 சதுர அடி வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அகலம் 2.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. கடுகு, வரமிளகாய் தாளிக்கும் வீட்டில் சிம்னியின் குழாய் வெளியே போக வேண்டும், அதில் வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். குழாயே இல்லாமல் உள்ளேயே காற்றைச் சுற்றிவிடும் சிம்னி, வாசனையைக் கொஞ்சம் குறைக்கும். வெக்கை அப்படியே நிற்கும்.

"வாட்டர் ப்ரூஃப்" என்று சொன்னால் நம்பலாமா?

எந்த நம்பர் என்று கேளுங்கள். தண்ணீர் படும் இடத்துக்கான பிளைவுட் தரக் குறியீடு ஐ.எஸ். 710. இதன் பசை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்படும். ஐ.எஸ். 303 வகையில் வரும் 'எம்.ஆர்.' பிளைவுட்டும் கடையில் 'தண்ணிக்குத் தாங்கும்' என்றே விற்கப்படும். அது காற்றின் ஈரத்தைத் தாங்கும். சிங்க் கசிவைத் தாங்காது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு இன்னும் மோசம். ஒருமுறை ஊறி உப்பினால் அவ்வளவுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. போட்டோவில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் மேலே ஒட்டும் லேமினேட் ஒன்றுதான்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய தீர்வு இருக்கிறது: கடப்பா கல். சிங்க் அடியிலும் அடுப்பு அடியிலும் தடுப்புகளைக் கடப்பாவில் நிறுத்தி, கதவை மட்டும் நல்ல பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ போட்டால் பார்க்க மாடுலர் கிச்சன் மாதிரியே இருக்கும். கறையானுக்கும் தண்ணீருக்கும் கல் அசராது. இன்ஸ்டாகிராமில் லைக் வாங்காத இந்த ஐடியாவுக்குத்தான் ஆயக்குடி மாதிரி ஊர்களில் முதல் மார்க் கொடுக்க வேண்டும்.

மேடைக்கு மேல் கிரானைட்டா, குவார்ட்ஸா? வெள்ளை வெளேர் குவார்ட்ஸ் போட்டோவுக்கு அழகுதான். ஆனால் அது கல்தூளைப் பிசின் சேர்த்து அழுத்திய செயற்கைக் கல். அடுப்பில் இருந்து இறக்கிய கடாயை நேராக வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழலாம். கிரானைட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குவார்ட்ஸ் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்தையும் தாண்டும். அதை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற தீராத நோயைக் கொண்டுவரும். தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தச் செயற்கைக் கல்லுக்குத் தடையே போட்டுவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லாக இருந்தாலும், வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டர் மெஷினில் அறுப்பவர் தண்ணீர் விட்டு அறுக்கிறாரா, மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது.

பாத்ரூம்: அழகைவிட முக்கியமானது

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. இன்று கட்டும் வீடு அதற்குப் பிறகும் பல வருஷம் நிற்கும்.

அதனால் டைல்ஸ் கடையில் கலர் பார்ப்பதற்கு முன் பிடிமானம் பாருங்கள். வழுக்கும் தன்மையைக் குறிக்க ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு குறியீடு உண்டு. எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். பாத்ரூம் தரைக்கு ஆர்10-க்குக் குறையாமல், குளிக்கும் இடத்துக்கு ஆர்11 என்றால் நல்லது. டைல்ஸ் பெட்டியில் அச்சிடப்படவில்லை என்றால், சாம்பிள் டைல்ஸ் மேல் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கதவு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துவிடும். உதவிக்குப் போக வழி இருக்காது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு அல்லது ஸ்லைடிங் கதவு, வெளியில் இருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். அகலம் வழக்கமான இரண்டரை அடிக்குப் பதில் 3 அடி வைத்துவிட்டால், ஒருநாள் வீல்சேர் தேவைப்பட்டாலும் சுவரை இடிக்க வேண்டியிருக்காது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் கட்டும் அந்த 2 இஞ்ச் தடுப்பும் ராத்திரியில் காலை இடறும். தரையின் வாட்டத்தைச் சரியாகக் கொடுத்தால் அது தேவைப்படாது.

"இந்தியன்தான் வேணும்" என்று அப்பா அடம்பிடிப்பார். முட்டிவலி வந்த பிறகு அவரே மாறுவார். இரண்டு பாத்ரூம் இருந்தால் ஆளுக்கொன்று போட்டுச் சமாதானம் ஆகிவிடலாம். வெஸ்டர்ன் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி அவசியம். அதைச் செங்கல் சுவரிலோ கான்கிரீட்டிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். டைல்ஸ் மேல் ஒட்டும் ரப்பர் கப் வகை, ஒரு ஆளின் எடை வரும்போது கையோடு வந்துவிடும். கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கேட்டு வாங்குங்கள். மின்கசிவு என்றால் அது உடனே லைனை அறுத்துவிடும்.

ஹாலுக்கு என்ன செய்யலாம்?

குறைவாகச் செய்யலாம். அடிவாரத்து வெயிலில் மாடி வீட்டின் வெக்கை மொட்டை மாடியில் இருந்துதான் இறங்குகிறது. ஃபால்ஸ் சீலிங் பட்ஜெட்டை முதலில் மாடிக்கு மாற்றி, தட்டோடு பதித்தோ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோ முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் சீலிங்கை யோசிக்கலாம். ஆத்தங்குடி டைல்ஸ் இப்போது மறுபடி டிரெண்ட். கண்ணாடிப் பலகை மேல் சாயமும் சிமென்ட்டும் ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, ஹாலுக்கு அருமை. அது சிமென்ட் என்பதால் எலுமிச்சை, புளி, ஆசிட் பட்டால் கறை பிடிக்கும். கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் வேண்டாம்.

கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்கள் இதில் பாதியைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். பழநியில் இருந்து சுமார் 65 கி.மீ. மலைச்சாலைதான், ஆனால் உயரம் 2,000 மீட்டரைத் தாண்டும். அங்கே எதிரி ஈரம். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி அடித்தால் பின்னால் பூஞ்சை பிடித்து, பட்டுப்புடவைக்கு வாசனை ஏறிவிடும். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஓரிரு இஞ்ச் காற்றோட்டம் விடுவது அங்கே கட்டாயம்.

கொட்டேஷன் வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், சதுர அடிக் கணக்கா, ஓட்ட அடிக் கணக்கா, கதவு மட்டுமா உள்பெட்டியும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். பிளைவுட் பில்லில் ஐ.எஸ். எண் இருக்கட்டும். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்தின நாள், பைப்பும் வயரும் தெரிகிற மாதிரி நாலு சுவரையும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடச் சொல்லுங்கள். சில வருஷம் கழித்து இன்னொரு கைப்பிடி மாட்ட டிரில்லிங் மெஷினோடு ஒருவர் வரும்போது, முதலில் தேடப்போவது அந்தப் போட்டோவைத்தான்.