தோற்கும் அணியும் தளரா நம்பிக்கையும்

கரிசல் நிலத்தில் கோடை உழவு செய்தவரிடம், "ஐப்பசியில் மழை வரும் என்று எப்படி நம்புகிறீர்?" என எவரும் கேட்பதில்லை. உழுதவருக்கு நம்பும் உரிமை உண்டு. ஆமத்தூர் வட்டாரத்தாராகிய நமக்கு இது புதிய செய்தியன்று. தொடர்ந்து தோற்கும் கால்பந்து அணியின் அன்பர், "அடுத்த ஆண்டு பாருங்கள்" என்கிறாரே, அவருக்கு அந்த உரிமை உண்டா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுச்சியின் அடித்தளம்

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891 இல் தோன்றியது. நெடுங்காலம் முதற்பிரிவுக்கு வெளியே நின்ற இவ்வணி, 1934 இல் அப்பிரிவில் நுழைந்த ஆண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி இதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வாகை சூடியது. 1940 இல் டுராண்ட் கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய அணியும் இதுவாயிற்று.

இவ்வெற்றி தற்செயலாக வந்ததன்று. இந்திய ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. மழைச் சேற்றில் அவர்கள் வழுக்கி விழுந்தனர். முகமதன் அணியினர் அத்தகைய நாள்களில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினர். பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் திறமையாளர் சேர்க்கப்பட்டனர். உடற்பயிற்சிக்கும் முதன்மை தரப்பட்டது.

நாற்பதாண்டுக் காத்திருப்பு

பின்னர்த் தளர்ச்சி வந்தது. 1981 இல் லீக் பட்டம் வென்ற அவ்வணி, அடுத்த பட்டத்தை 2021 இல்தான் கண்டது. தந்தை கண்ட வெற்றியை மகன் தன் நடுவயதில்தான் காண முடிந்தது. 2023–24 இல் ஐ-லீக் பட்டமும் கிட்டியது. இந்தியன் சூப்பர் லீக்கில் இடமும் கிடைத்தது. ஆயினும் 2024–25 இல் அங்கே பதின்மூன்று அணிகளுள் கடைசி இடமே எஞ்சியது. நிதி நெருக்கடி வாட்டியது. பட்டம் பெற்றுத் தந்த பயிற்சியாளரும் நடுவழியில் விலகினார். கோல்களை மட்டும் எண்ணிய அன்பர் திகைத்தனர். கழகத்தின் கணக்கேட்டையும் கவனித்தவர்களுக்கு வியப்பு குறைவாகவே இருந்திருக்கும்.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. 2017–18 இல் வாகை சூடிய சென்னையின் எஃப்.சி., மறு ஆண்டே பதினெட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடத்திற்குச் சரிந்தது. 2019–20 இல் இடையில் வந்த புதிய பயிற்சியாளர் ஓவன் காயிலின் துணையால் இறுதியாட்டம் வரை உயர்ந்தது. பின்னர் அவரும், அந்த ஆண்டு மிகுதியான கோல்களை அடித்த வால்ஸ்கிஸும் வேறு அணிக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு எட்டாம் இடமே கிட்டியது. ஓரிருவரால் வந்த உயர்வு அவர்களோடே போய்விடுவதும் உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

நம் கல்லூரி அணி

கல்லூரி அணியின் நிலை இன்னும் கடினமானது. மூன்றாண்டில் இளங்கலை ஆட்டக்காரர் அனைவரும் மாறிவிடுகின்றனர். பயின்று தேர்ந்தவர் பட்டம் பெற்றுச் செல்ல, பயிலாதவர் வந்து சேர்கின்றனர். ஆகவே கல்லூரி அணிக்கு மறுசீரமைப்பு ஆண்டுதோறும் நிகழ்வதாகும். இவ்வாண்டுத் தோல்வியில் ஆடிய முதலாண்டு மாணவரே மூன்றாம் ஆண்டின் வெற்றிக்கு உரியவர். அவரை இன்று எள்ளி நகையாடி ஆடுகளத்தை விட்டே துரத்திவிட்டு, நாளை வெற்றியை எதிர்பார்ப்பது எவ்வகையில் முறை?

நம்பிக்கையுடைய அன்பர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. சென்ற ஆண்டின் இளையவர் எத்தனை பேர் நீடிக்கின்றனர்? விடுமுறையிலும் பயிற்சி நடைபெறுகிறதா? கடைசிப் பத்து நிமிடங்களில் கால் தளராமல் ஓடுகின்றனரா? இவற்றிற்கு நல்ல விடை கிடைக்குமானால், ஆட்ட முடிவு எதுவாயினும் நம்பிக்கை வைக்கலாம். இல்லையெனில் அது வெறும் ஆசையே.

திருக்குறளில் ஆள்வினையுடைமையை அடுத்தே இடுக்கணழியாமை அமைந்துள்ளது. முயற்சியைப் பேசிய பின்னரே கலங்காமை பேசப்படுகிறது. இம்முறைவைப்பை அணிக்கு மட்டுமன்றி அன்பருக்கும் உரியதாகக் கொள்ளலாம். மாணவர்காள், இறுதியாட்டத்திற்கு மட்டுமன்றிப் பயிற்சி நடைபெறும் மாலையிலும் திடலுக்கு வாருங்கள். சமுதாயப் பெரியோர்களே, ஓர் ஏழை மாணவனுக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அதன் பின்னர், "அடுத்த ஆண்டு பாருங்கள்" என்று நாமனைவரும் உரிமையுடன் சொல்லலாம்.